சேப்பாக்கத்துக்குப் போன வயல்

எங்கள் குடும்பத்துக்கு ஒரு வயல் உண்டு. முக்கூடலுக்குக் கிழக்கே, அரியநாயகிபுரம் அணையிலிருந்து பிரிகிற கோடகன் காலில் பாயும் வயல். ஒரு கோட்டை விதைப்பாடு. கோட்டைக் கணக்குப் பிற ஜில்லாக்காரர்களுக்கு விளங்காது. ஒன்றரை ஏக்கருக்குச் சற்று அதிகம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கார், பிசானம் என்று இரண்டு பூவும் விளையும். இவ்வளவு சிறப்புள்ள அந்த வயலில் எங்களுக்கு ஒரே ஒரு குறைதான். அது எங்களுடையதல்ல. 1906-ஆம் வருஷமே கைமாறிவிட்டது.

இருந்தாலும் என் ஆச்சி கண்மூடும் வரையில் அதை "நம்ம வயல்" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தாள். "நம்ம வயல்னா, இப்ப எங்க ஆச்சி?" என்று கேட்டால், "அது சேப்பாக்கத்துக்குப் போயிட்டுல்லா" என்பாள். சின்ன வயசில் நான் இதை அப்படியே நம்பினேன். வயலுக்குக் கால் முளைத்து, வரப்பைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, ரயிலேறிப் பட்டணம் போய்விட்டதாக நினைத்து, ராத்திரியில் பயந்ததும் உண்டு.

விஷயம் இதுதான். என் பூட்டனார், அதாவது ஆச்சிக்கு மாமனார், திருநெல்வேலி ஹிந்துக் கல்லூரியில் எப்.ஏ. படித்துத் தேறினார். 1878-இல் தொடங்கிய கல்லூரி அது. 'மனோன்மணீயம்' எழுதிய சுந்தரம் பிள்ளை அதன் ஆரம்ப காலத்தில் தலைமை வகித்தார். எப்.ஏ. தேறிய பையனைப் பி.ஏ. படிக்க வைக்காமல் விடலாமா? வயலை விற்றார்கள். பூட்டனார் வண்டி கட்டித் திருநெல்வேலிக்குப் போய், ரயிலேறிச் சென்னை போனார். இரண்டு வருஷம் படித்தார். 1908-இல் சேப்பாக்கத்தில் செனட் ஹவுஸ் மண்டபத்தில் உட்கார்ந்து பரீட்சை எழுதினார். இங்கிலீஷில் போய்விட்டது. அடுத்த வருஷம் திரும்ப எழுதினார். அதுவும் போயிற்று. ஒரு தகரப் பெட்டி, ஒரு குடை, காப்பி குடிக்கும் பழக்கம் ஆகிய மூன்றோடும் ஊர் வந்து சேர்ந்தார்.

வந்தவர் வெட்கப்பட்டுக்கொண்டு மூலையில் உட்காரவில்லை. வீட்டு வாசலில் தம் பெயரைப் பலகையில் எழுதி மாட்டினார். பெயருக்குப் பின்னால் "பி.ஏ. (பெயில்)". இன்றைக்குச் சிரிப்பாக இருக்கலாம். அந்த நாளில் அது ஒரு பட்டம். பி.ஏ. வரைக்கும் போனவன் என்பதற்கு அத்தாட்சி. கம்பெனிகளிலும் ஆபீஸ்களிலும் அதற்கென்று ஒரு மதிப்பு இருந்தது. கல்யாணச் சந்தையிலும் இருந்தது. பூட்டனார் உத்தியோகத்துக்குப் போகவில்லை. ஊராருக்கு மனு எழுதினார். கால் தண்ணீர் வரவில்லை, கார்ப் பயிர் சாவியாகிவிட்டது, தீர்வை வஜா செய்ய வேண்டும் என்று இங்கிலீஷில் எழுதுவார். இங்கிலீஷில் தோற்றவர், இருபது ஊருக்கும் இங்கிலீஷில் வழக்காடினார். கலெக்டர் கேட்காவிட்டால் மனு மேலே போகும்: ரெவினியூ போர்டு, சேப்பாக்கம், சென்னை. ஆக, அவர் எழுதியதெல்லாம் கடைசியில் சேப்பாக்கத்துக்கே போய்க்கொண்டிருந்தது.

இந்தச் சேப்பாக்கத்தை நான் வெகு காலம் பார்த்ததில்லை. சென்னைக்கு எத்தனையோ முறை போயிருக்கிறேன். பதிப்பாளர் வீடு, பத்திரிகை ஆபீஸ், திரும்பி எழும்பூர் ஸ்டேஷன். கடற்கரைச் சாலையில் பஸ்ஸில் போகும்போது சிவப்பாக ஏதோ ஒரு கோபுரம் தெரியும், முகத்தைத் திருப்பிக்கொள்வேன். காரணம் உண்டு. நானும் பூட்டனார் வழியில் வந்தவன்தான். என் அம்மா மடியில் தட்டை வைத்துக்கொண்டு பீடி சுற்றியே என்னைக் கல்லூரிக்கு அனுப்பினாள். இரண்டு வருஷம் போனேன். அந்தக் காலத்து இண்டர்மீடியட் அளவு என்று கணக்கு. அதற்கு மேல் அப்பாவின் நோய் விடவில்லை. எனக்கும் படிப்பை விடக் கதை எழுதுவதில்தான் புத்தி. பூட்டனாருக்காவது பெயில் என்று போட்டுக்கொள்ளக் கடற்கரையில் ஒரு மாளிகை இருந்தது. நான் நின்றபோது எங்கள் பல்கலைக் கழகம் திருநெல்வேலிக்குப் பக்கத்தில் அபிஷேகப்பட்டிக்கே வந்திருந்தது. அதே சுந்தரம் பிள்ளையின் பெயரால் 1990-இல் ஏற்பட்டது. எனக்குத் தவறுவதற்கு முக்கால் மணி பஸ் பிரயாணமே போதுமாக இருந்தது!

போன ஜூலையில் என் அக்கா மகன் அந்த அபிஷேகப்பட்டிப் பட்டத்தை உறையில் போட்டுக்கொண்டு வந்து நின்றான். சென்னைப் பல்கலைக் கழகத்தில் எம்.ஏ. சரித்திரத்துக்கு இடம் கிடைத்திருக்கிறதாம். சேர்க்கைக்குத் துணைக்கு வரவேண்டுமாம்.

"எந்த இடம்லே?" என்றேன், தெரியாதவனைப்போல.

"சேப்பாக்கம், மாமா."

அக்கா என்னைப் பார்த்தாள். நான் அக்காவைப் பார்த்தேன். ஆச்சி உயிரோடு இருந்தால் என்ன சொல்லியிருப்பாள் என்று இருவருக்கும் தெரியும். நல்ல வேளையாக விற்பதற்கு வயல் இல்லை.

நெல்லை எக்ஸ்பிரஸில் போய் இறங்கி, குளித்து, சாப்பிட்டு, வளாகத்துக்குப் போகும்போது பத்து மணி. நேப்பியர் பாலத்தைத் தாண்டினதும் வலது பக்கம். கூவம் கடலில் சேருகிற முகத்துவாரத்துக்குத் தெற்கே செனட் ஹவுஸ் நிற்கிறது. சிவப்புச் செங்கல். நாலு மூலைக்கு நாலு கோபுரம், தலைக்கு மேலே குமிழ் குமிழாகக் கவிகை. நடுவே பெரிய மண்டபம், பக்கவாட்டில் தூண் வரிசை.

மருமகன் சற்று நேரம் அண்ணாந்து பார்த்துவிட்டு, "மாமா, இது கோயிலா, மசூதியா, சர்ச்சா?" என்றான்.

கேள்வி தப்பில்லை. இதைக் கட்டிய ராபர்ட் சிஷோம் என்ற வெள்ளைக்காரர் மூன்றையும் கலந்துதான் கட்டினார். 1864-இல் ஒரு போட்டி வைத்தார்கள். அதில் ஜெயித்து அரசாங்கக் கட்டடக் கலைஞரானார். பக்கத்திலிருக்கும் மாநிலக் கல்லூரி அவர் கட்டியது, 1870-இல் திறந்தார்கள். அது பெரும்பாலும் ஐரோப்பியச் சாயல். அந்த நாளில் கவர்னராக இருந்த நேப்பியர் பிரபு, இந்த நாட்டுக் கட்டட முறையில் ஆசை வைத்தவர். மதுரையில் இடிந்து கிடந்த திருமலை நாயக்கர் மகாலைப் பழுது பார்க்கும் வேலையைச் சிஷோமிடம் கொடுத்தார். மகாலின் தூணும் வளைவும் சுதையும் மனிதருக்குள் புகுந்துகொண்டன என்று நினைக்கிறேன். 1874-இல் தொடங்கி 1879-இல் முடித்த செனட் ஹவுஸில் ஐரோப்பா பின்னால் போய், பைஸாந்தியமும் முகலாயமும் முன்னால் வந்துவிட்டன. திருவனந்தபுரத்தில் நேப்பியர் மியூசியம் பார்த்திருப்பீர்கள். எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடப் பிள்ளைகளை உல்லாசப் பிரயாணம் என்று அங்கேதான் அழைத்துப் போவார்கள். அதுவும் இவர் கைவேலைதான். அங்கே மலையாளத்துக் கூரை. ஊருக்கு ஏற்ற வேஷம் போடத் தெரிந்தவர்!

மண்டபம் பூட்டியிருந்தது. விழா நாளில்தான் திறப்பார்களாம். காவல்காரர் நல்ல மனுஷர். திருநெல்வேலியிலிருந்து வருகிறோம் என்றதும், "சுத்திப் பாருங்க சார், வெளியிலேயே அரை நாள் பார்க்கலாம்" என்றார். சுற்றினோம். தூண்களின் தலையில் செதுக்கியிருக்கும் பூ ஒன்றுக்கொன்று வேறாக இருக்கிறது. ஒரு சன்னலின் வண்ணக் கண்ணாடியில் கண்ணை ஒட்டிக்கொண்டு உள்ளே பார்த்தேன். பச்சையாக ஓர் இருட்டு. அதற்குள் நீண்டு போகும் தரை. மேலே எட்டாத உயரத்தில் சித்திர வேலை. வெகு காலம் பாழாய்க் கிடந்ததைப் பல்கலைக் கழகத்தின் 150-ஆவது ஆண்டை ஒட்டிச் செப்பனிட்டார்கள். சாமானியமான மண்டபமல்ல. 1937-இல் சென்னை மாகாணத்துக்குத் தேர்தல் நடந்து, ராஜாஜி முதல் மந்திரியானபோது சட்டசபை கூடியது இங்கேதான். ஆனால் என் மனசு அங்கே நிற்கவில்லை. எந்த மூலையில் மேஜை போட்டிருப்பார்கள்? சுற்றிலும் கடற்காற்று, தலைக்கு மேல் இத்தனை அலங்காரம், கையில் இங்கிலீஷ் வினாத்தாள். முக்கூடல் பையன் ஒருவன் இந்தக் கூரையைப் பார்த்தே பாதி விடையை மறந்திருப்பான்.

இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். பல்கலைக் கழகம் என்றால் படிப்புச் சொல்லிக் கொடுக்கும் இடம் என்று நாம் நினைக்கிறோம். 1857 செப்டம்பர் 5-ஆம் தேதி சட்டம் போட்டுச் சென்னைப் பல்கலைக் கழகத்தைத் தொடங்கியபோது அதற்கு அந்த வேலையே இல்லை. லண்டன் பல்கலைக் கழகத்தைப் பார்த்துச் செய்த மாதிரி: கல்லூரிகள் படிப்பிக்கும், இது பரீட்சை வைக்கும், பட்டம் கொடுக்கும். அவ்வளவுதான். வெகு காலத்துக்கு அப்படியே இருந்தது. இந்த நூற்றாண்டில் நமக்குச் சர்வசாதாரணமாகப் படுகிற பேராசிரியர், ஆராய்ச்சி, துறை இதெல்லாம் 1910-க்கு மேல்தான் ஒவ்வொன்றாக வந்தன. ஆகவே இந்த மாளிகை கட்டும்போது வகுப்புக்கென்று அல்ல, பரீட்சைக்கும் பட்டமளிப்புக்கும் என்றே கட்டினார்கள். பெரிய சல்லடை. மேலே பொன் பூசின சல்லடை.

அந்தச் சல்லடையில் முதன் முதலில் தேறினவர்கள் யார் தெரியுமா? சென்னைக்காரரும் அல்ல, தஞ்சாவூர்க்காரரும் அல்ல. கடல் தாண்டி யாழ்ப்பாணத்திலிருந்து வந்த இருவர்: சி.வை. தாமோதரம் பிள்ளையும் கறோல் விசுவநாத பிள்ளையும். அப்போது இந்த மண்டபம் இல்லை. பி.ஏ. வாங்கின தாமோதரம் பிள்ளை பிற்பாடு என்ன செய்தார்? ஏட்டுச் சுவடிகளைத் தேடித் தேடி, தொல்காப்பியத்தையும் கலித்தொகையையும் அச்சில் ஏற்றினார். அதற்குப் பரீட்சை கிடையாது.

தவறினவர்களிலும் ஒருவரைச் சொல்ல வேண்டும். கும்பகோணத்துப் பையன் ஒருவன் கணக்கைத் தவிர வேறொன்றையும் படிக்காமல் கல்லூரியில் உபகாரச் சம்பளத்தை இழந்தான். பிறகு சென்னைக்கு வந்து படித்து 1907-இல் எப்.ஏ. எழுதினான், அதிலும் தவறினான். என் பூட்டனார் தவறியதற்கு முந்தின வருஷம். அந்தப் பையன் பெயர் ராமானுஜன். ஆறு வருஷம் கழித்து, 1913-இல், அதே பல்கலைக் கழகம் அவருக்கு மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சிச் சம்பளம் கொடுத்தது. பட்டம் இல்லாதவருக்கு ஆராய்ச்சிச் சம்பளம்! விதியில் இடமில்லை என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அடுத்த வருஷம் அவர் கேம்பிரிட்ஜ் போனதும், 1918-இல் ராயல் சொஸைட்டியில் அங்கத்தினரானதும் உலகறிந்த கதை. இன்றைக்கு இதே சேப்பாக்க வளாகத்தில் கணிதத்துக்கு உயர் ஆராய்ச்சிக் கூடம் ஒன்று அவர் பெயரில் இருக்கிறது.

இதை நான் மருமகனிடம் சொன்னபோது அவன், "அப்ப நம்ம பூட்டனாரும் பெயில், ராமானுஜனும் பெயில்" என்றான்.

"ஆமா. நம்மவர் கணக்கிலே பாஸ்" என்றேன். குடும்ப கௌரவத்தைக் காப்பாற்ற வேண்டுமல்லவா?

அவன் சான்றிதழ் சரிபார்க்கிற இடத்துக்கு மத்தியானம் வரச் சொல்லிவிட்டார்கள். நேரமிருந்தது. அடுத்த காம்பவுண்டுக்கு நடந்தோம்.

அடுத்தது சேப்பாக்கம் அரண்மனை. முன்னால் அரசாங்க ஆபீஸ் கட்டடங்கள் எழும்பி மறைத்துவிட்டதால் சாலையில் போகிறவர்களுக்கு அங்கே ஓர் அரண்மனை இருப்பதே தெரிவதில்லை. ஆற்காட்டு நவாப் முகமது அலி வாலாஜா 1768-இல் கட்டியது. கல்சா மகால், ஹுமாயூன் மகால் என்று இரண்டு பாகம். இரண்டுக்கும் நடுவே இருக்கிற கோபுரம் பிற்பாடு நமது சிஷோம் வைத்தது. இந்த அரண்மனையைப் பார்த்துத்தான் அவர் செனட் ஹவுஸுக்குச் சாயல் பிடித்தார் என்றும் சொல்லலாம். 2012 ஜனவரியில் கல்சா மகால் தீப்பிடித்து எரிந்தது; அணைக்கப் போன தீயணைப்பு அதிகாரி ஒருவர் உயிரிழந்தார். பிறகு பல வருஷம் உழைத்துப் பழைய முறையில் சுண்ணாம்புச் சாந்து குழைத்து எடுத்துக் கட்டினார்கள்.

திருநெல்வேலிக்காரன் ஒருவன் இந்த அரண்மனை முன் சும்மா நின்றுவிட்டு வர முடியாது. கர்நாடக நவாப் பட்டத்துக்கு நடந்த சண்டையில் முகமது அலி ஜெயித்தது இங்கிலீஷ் கம்பெனியின் பீரங்கியால். பீரங்கிக்குச் சம்பளம் கொடுக்க வேண்டும். நவாபிடம் பணம் இல்லை. பணம் எங்கே இருக்கிறது? ஆற்றுத் தண்ணீர் பாய்கிற சீமையில் இருக்கிறது. காவேரிக்கு அடுத்தபடி வற்றாமல் ஓடுகிறது எங்கள் தாமிரபரணி. 1755-இல் நவாபின் அண்ணன் மாபூஸ் கானும் கர்னல் ஹெரானும் படையோடு தெற்கே வந்தார்கள், கப்பம் வாங்க. நெற்கட்டும்செவல் புலித்தேவர் தரமாட்டேன் என்றார். அதற்குப் பிறகு கான் சாகிபு என்று நம் ஜனங்கள் அழைக்கிற யூசுப் கான் வந்தார். பாளையக்காரர்களோடு வருஷக்கணக்கில் மோதி வரி வசூலித்தார். வசூலித்தவரே பின்னால் தலை நிமிர்ந்தபோது, 1764-இல் மதுரையில் அவரைத் தூக்கில் போட்டார்கள். நாலு வருஷம் கழித்து இந்த அரண்மனை எழுந்தது.

கணக்குப் பிள்ளை மாதிரி இந்த ரூபாய்தான் இந்தச் செங்கல் என்று நான் சொல்ல வரவில்லை. இது கடன் வாங்கிக் கட்டிய வாழ்வு. நவாப் கம்பெனி உத்தியோகஸ்தர்களிடமே தனித்தனியாகக் கடுவட்டிக்குக் கடன் வாங்கினார். கடனுக்கு ஈடு, ஜில்லாக்களின் வரி. அந்தக் கடன்காரர்களில் பால் பென்பீல்டு என்று ஒருவன் பெரும் புள்ளி, தொழிலில் எஞ்சினீயர். அரண்மனையைக் கட்டினவனும் அவன்தான் என்று சொல்வார்கள். கட்டின கூலி, கடன், வட்டி எல்லாம் ஒரே கையில்! 1785-இல் இங்கிலீஷ் பார்லிமெண்டில் எட்மண்டு பர்க் என்ற பேச்சாளர் இந்த நவாப் கடனை எடுத்துக்கொண்டு மணிக்கணக்கில் பேசினார். பேச்சு சரித்திரத்தில் நின்றது. கடன் குடியானவன் தலையில் நின்றது. 1799-இல் கட்டபொம்மன் கயத்தாற்றில் தொங்கினதற்கும் வேர் இந்தக் கப்பக் கணக்கில்தான் இருக்கிறது. 1801-இல் கம்பெனி நாட்டையே எடுத்துக்கொண்டது. 1855-இல் கடைசி நவாப் வாரிசில்லாமல் போனபின் அரண்மனையும் சர்க்காருடையதாயிற்று. சர்க்கார் அதில் எதை வைத்தது? ரெவினியூ போர்டை வைத்தது. நவாப் போனாலும் தீர்வை வந்து சேருகிற வாசல் மாறவில்லை.

அரண்மனையைப் பார்த்தபடி நான் ஆச்சியை நினைத்துக்கொண்டேன். அவளுக்குப் பர்க்கும் தெரியாது, பென்பீல்டும் தெரியாது. "வயல் சேப்பாக்கத்துக்குப் போயிட்டு" என்று ஒரு வாக்கியத்தில் இருநூறு வருஷச் சரித்திரத்தைச் சொன்னாள். அவள் நினைத்துச் சொன்னது வேறு.

மத்தியானம் சான்றிதழ் காட்டப் போனது புதிய கட்டடம். பழைய மாளிகைகளுக்கு நடுவே சதுர சதுரமாக எழும்பிய சிமெண்டுக் கட்டடங்களைப் பற்றி எல்லாரும் குறை சொல்கிறார்கள். 1957-இல் நூற்றாண்டு வந்ததை ஒட்டி எழுந்த நூற்றாண்டுக் கட்டடமும் மண்டபமும் அவற்றில் முக்கியமானவை. லட்சுமணசாமி முதலியார் துணை வேந்தராக இருந்த காலம். 1942 முதல் 1969 வரை 27 வருஷம் அவர் இருந்தார். ஒரு தலைமுறையே அவர் கையெழுத்திட்ட பட்டத்தைச் சுவரில் மாட்டியது. பட்டமளிப்பு விழா இப்போது அந்த மண்டபத்தில்தான். கோபுரம் இல்லை, சித்திரம் இல்லை, தூண் தலையில் பூ இல்லை. தீப்பெட்டி அடுக்கின மாதிரி இருக்கிறது என்று நானும் நினைத்தேன்.

வரிசையில் போய் நின்ற பிறகு அந்த எண்ணம் கொஞ்சம் தேய்ந்தது. முன்னால் இருபது பேர். அவர்களில் பதினைந்து பேர் பெண் பிள்ளைகள். ஒருத்தி விழுப்புரம் பக்கம். தகப்பனார் கட்டட வேலையாம், லுங்கியை மாற்றி வேட்டி கட்டிக்கொண்டு வந்திருந்தார். மகளுடைய உறையை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு நின்றார். இன்னொருத்தி தனியாகவே வந்திருந்தாள். எங்கள் பக்கத்துப் பேச்சு காதில் விழுந்து விசாரித்தால், ஆலங்குளம். அம்மா பீடி சுற்றுகிறவள். "நீங்க முக்கூடலா அண்ணாச்சி?" என்று அவள் முகம் மலர்ந்தது. செனட் ஹவுஸ் எழுந்த நாளில் இந்த மூவரில் ஒருவரும் அதன் படியேறியிருக்க முடியாது. என் பூட்டனார் போனதற்கே ஒரு கோட்டை விதைப்பாடு வேண்டியிருந்தது. அந்த மாளிகையின் வாசலை வெளியிலிருந்து பார்த்துத்தான் அனேகம் பேர் திரும்பினார்கள். இந்தத் தீப்பெட்டிக்கு முகம் இல்லை; மின்விசிறிகூட ஒன்றுதான் சுற்றுகிறது. போகட்டும், அந்தத் தகப்பனார் உட்கார ஒரு பெஞ்சு இருந்தது.

சேர்க்கை முடிந்தது. மருமகனுக்கு நூலகத்தைப் பார்க்க வேண்டுமாம். பழைய கட்டடங்களில் கடைசியாக வந்தது இதுதான். 1936-இல் நூலகம் இங்கே குடியேறியது. அதற்குள் ஐம்பது வருஷத்துக்கு மேலாக அதே சிவப்புப் பாணி பழகிவிட்டிருந்தது. இதன் முதல் நூலகர் சீர்காழி ரங்கநாதன். மாநிலக் கல்லூரியில் கணக்கு வாத்தியாராக இருந்தவரை 1924-இல் இங்கே கொண்டுவந்து போட்டார்கள். கணக்கு வாத்தியார் புத்தகங்களைப் பார்த்தார். புத்தகங்கள் கண்டபடி கிடந்தன. உலகத்துப் புத்தகங்களையெல்லாம் வகை பிரிக்கும் புதிய முறை ஒன்றை எண்ணி, 1933-இல் வெளியிட்டார். நூலகம் உள்ள தேசங்களிலெல்லாம் அவர் பெயர் தெரியும்.

ஒரு பெரியவர் எங்களை உள்ளே விட்டார். எதைப் பார்க்க வேண்டும் என்றார். யோசிக்காமல் என் வாயில், "தமிழ் லெக்ஸிகன்" என்று வந்துவிட்டது.

அதற்குக் காரணம் சொல்கிறேன். இந்தப் பல்கலைக் கழகம் செய்த காரியங்களில் எனக்குப் பெரிதாகப் படுவது அந்த அகராதி. 1913-இல் மதுரையில் சாண்ட்லர் என்ற அமெரிக்கப் பாதிரியாரை ஆசிரியராக வைத்து வேலை தொடங்கியது. லட்ச ரூபாயில் முடியும் என்று எண்ணினார்கள். நாலு லட்சத்துக்கு மேல் ஆயிற்று. முடிந்தது 1936-இல். ஆறு பாகம், 1,04,405 சொற்கள். அதற்கு மேல் 13,357 சொற்களோடு ஓர் அனுபந்தம். இதை இழுத்துப் பிடித்து முடித்தவர் எங்கள் ஜில்லாக்காரர், சிக்கநரசய்யன் கிராமத்து வையாபுரிப் பிள்ளை. திருநெல்வேலியில் வக்கீலாக இருந்தவர். 1926-இல் பதிப்பாசிரியராக வந்து பத்து வருஷம் சொல் சொல்லாகத் தோண்டினார். பிறகு இங்கேயே தமிழ்த் துறைக்குத் தலைவரானார். அவருக்குப் பின் அந்த நாற்காலிக்கு வந்தவரும் திருநெல்வேலிப் பக்கம்தான், ராஜவல்லிபுரம் ரா.பி. சேதுப் பிள்ளை. அவரும் வக்கீல். எங்கள் ஊர்க் கோர்ட்டுகளில் வழக்கு அத்தனை குறைச்சலாகவா இருந்தது என்று கேட்கத் தோன்றுகிறது! குணத்தில் இருவரும் இரு துருவம். ஒருவர் தேதியை அறுத்துப் பார்க்கிற ஆராய்ச்சிக்காரர். மற்றவர் எதுகை மோனையில் உரைநடையை ஆட வைத்தவர். 1955-இல் தமிழுக்கு முதல் சாகித்திய அகாடமிப் பரிசு வாங்கினது சேதுப் பிள்ளையின் 'தமிழின்பம்'.

பெரியவர் இரண்டாம் பாகத்தைத் தூக்கிக்கொண்டு வந்து மேஜையில் வைத்தார். கனமான புத்தகம். காகிதம் பழுத்திருந்தது. ககர வரிசையில் விரலை ஓட்டினேன். கோடு, கோடை, கோட்டம், கோட்டான். கோட்டை. மதில், அரண் என்று தொடங்கி ஒவ்வொரு பொருளாக இறங்கி வந்தால், நெல் அளக்கிற கோட்டையும் அங்கே உட்கார்ந்திருக்கிறது. மரக்கால் கணக்கோடு. அந்த அகராதியில் திருநெல்வேலி வழக்கு என்று தனியாகக் குறி போட்ட சொற்கள் நூற்றுக்கணக்கில் உண்டு. ஆச்சி வாயில் தினம் புழங்கினவை. யாரோ ஒருவர் எங்கள் களத்துமேட்டில் காது வைத்துக் கேட்டு, சேப்பாக்கத்துக்குக் கொண்டுவந்து சேர்த்திருக்கிறார்.

"மாமா, என்ன பாக்கிய?" என்றான் மருமகன் தோளுக்கு மேலாக.

"நம்ம வயலத்தான் பாக்கேன்" என்றேன்.

அவன் குனிந்து வாசித்தான். வெகு நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "அது எந்தப் பக்கம் மாமா இருக்கு? நான் ஒரு நாளும் பார்த்ததில்லையே" என்றான்.

ஊருக்குத் திரும்பியதும் அழைத்துப் போனேன். சாமான் கட்டிக்கொண்டு போக அவனுக்கு நாலு நாள் இருந்தது. முத்துமாலை அம்மன் கோயிலில் ஆச்சி பெயரில் ஒரு தேங்காய் உடைத்துவிட்டு, ஆற்றோரமாக அரியநாயகிபுரத்துக்கு நடந்தோம். கோடகன் காலில் தண்ணீர் விளிம்பைத் தொட்டுக்கொண்டு போயிற்று. பக்கத்து வயல் இரண்டில் மனை போட்டுக் கல் நட்டிருக்கிறார்கள். நம்ம வயலில் கார் நடவு. எட்டுப் பத்துப் பெண்கள் வரிசையாகக் குனிந்து நட்டுக்கொண்டிருந்தார்கள்.

கரையோரம் நாற்றுமுடியை எடுக்க வந்த ஒரு கிழவி என்னை அடையாளம் கண்டுகொண்டாள். ஆச்சியோடு பழகினவள்.

"கூட வந்திருக்க பய யாரு?"

"எங்க அக்கா மவன். மேல படிக்கப் போறான்."

"எங்க?"

"சேப்பாக்கத்துக்கு."

கிழவி இடுப்பில் கை வைத்து நிமிர்ந்தாள். அவனை மேலும் கீழுமாக ஒரு முறை பார்த்தாள்.

"இப்ப எத வித்திய?" என்றாள்.

"ஒண்ணும் விக்கல, ஆச்சி. எனக்கு ஸ்காலர்ஷிப் இருக்கு" என்றான் மருமகன்.

அவள் அதை நம்பின மாதிரி தெரியவில்லை. நாற்றுமுடியை உதறிக்கொண்டு வயலுக்குள் இறங்கிவிட்டாள்.